பெட்டிமரத்துச் செம்பேன்

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், கப்பலில் வந்த யந்திரத்தைச் சுற்றி அடித்திருந்த பெட்டியின் பலகை ஒன்று கருக்கம்பாளையத்து வாய்க்கால் மடையில் வேர்விட்டது. பலகை என்றால் அறுத்து, இழைத்து, நாலு மூலையிலும் ஆணி அடித்துப் பிடுங்கிய பலகை. மேட்டூருக்குப் பாரவண்டி ஓட்டிய செங்கோட்டையன் அதை அங்கே கேட்டு வாங்கிவந்து, பரமத்தி வேலூருக்குப் பக்கத்திலிருந்த தன் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் திருப்பும் மடையில் அடைப்பாகச் செருகியிருந்தான். ஐப்பசி மழை ஓய்ந்து பார்த்தபோது ஆணி ஓட்டைகள் நாலிலும் பச்சை முளை. பிடுங்கிப் பார்த்தான், அசையவில்லை. கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான். அந்த வருஷம் ஊர் பேசிக்கொள்ள வேறு சங்கதிகள் இருந்தன. வேலூர்ச் சந்தையில் மாட்டு விலை இறங்கிப் போயிருந்தது.

மூன்றே வருஷத்தில் அது தென்னை உயரம் வந்துவிட்டது. இலைக்குப் பதிலாக ஊசி ஊசியாக, கரும்பச்சையில், கீழே அகலமாகவும் மேலே போகப் போகக் கூம்பியும் நின்றது. பெட்டியிலிருந்து வந்ததால் ஊரில் அதற்குப் பெட்டிமரம் என்று பேர். ஏற்காட்டில் துரைமார் பங்களாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவன், இது ஃபர் மரம், பனி கொட்டுகிற தேசத்தில்தான் பிழைக்கும், இங்கே பிழைக்காது என்று அடித்துச் சொன்னான். மரம் அவன் பேச்சைக் கேட்கவில்லை. அதன் நிழலுக்குள் போனால் பங்குனி மாதத்து உச்சிவெயிலிலும் பேசுகிறவன் வாயிலிருந்து புகை வந்தது. வெண்ணெய் இளகாது. கிள்ளிய வெற்றிலையைக் கட்டி அங்கே வைத்தால் வாரக்கணக்கில் வாடாது. ஊரிலுள்ள கொடிக்கால்காரர்கள் எல்லோரும் கூடைகளை அங்கே கொண்டுவந்து அடுக்கிக்கொண்டார்கள். கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டு நுழையக்கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஆகையால் வெறுங்காலோடு அந்த நிழலுக்குள் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுக்கினார்கள்.

செங்கோட்டையனுக்கும் காளியாத்தாளுக்கும் பிறந்த ஒரே பெண் அத்தாயி. பிறந்தபோதே கொதிக்கக் கொதிக்கத்தான் பிறந்தாள். பிள்ளையை ஏந்திய மருத்துவச்சிக்கு உள்ளங்கை கொப்பளித்துப்போயிற்று. ஈரத்துணி சுற்றினால் சுற்றச் சுற்றக் காய்ந்தது. நாமக்கல்லில் டாக்டர் நாக்கடியில் வைத்த கண்ணாடிக்குச்சி டப்பென்று வெடித்தது. அவர் கையை விரித்துவிட்டார். திரும்பி வந்த காளியாத்தாள், கடைசியாகப் பிள்ளையை எங்கே கிடத்துவது என்று தெரியாமல் பெட்டிமரத்தடியில் கிடத்தினாள். பிறந்ததிலிருந்து ஓயாமல் கத்திய குழந்தை அங்கே கொட்டாவி விட்டுத் தூங்கிற்று. அன்று முதல் அத்தாயியின் வீடு அந்த நிழல்தான். ஓலைக்கொட்டகை போட்டு, தாயும் மகளும் அங்கேயே இருந்துகொண்டார்கள். செங்கோட்டையன் வண்டியிலிருந்து இறங்குகிற நாட்களில் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து படுத்தான். ஒரே ஒருமுறை, மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு ஆசைப்பட்டு மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். கொடிக்காலை ஒட்டிய மேட்டைத் தாண்டுவதற்குள், குளிருக்கே பழகிவிட்ட பிள்ளையின் தலைமுடி கருகுகிற வாடை வந்துவிட்டது. கண் சொருகிவிட்டது. தலைதெறிக்க ஓடிவந்து நிழலில் போட்டபிறகுதான் மூச்சு திரும்பிற்று. அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கூப்பிடு தூரத்தில் ஓடுகிற காவேரியை அத்தாயி பார்த்ததே கிடையாது.

அவளுக்கு ஒன்பது வயது நடக்கும்போது மழை பொய்த்தது. வேலூர் ரோட்டில் புதிதாக ஓட ஆரம்பித்த பஸ்கள் கிளப்பிய புழுதி, காற்று அடித்த பக்கமெல்லாம் போய் உட்கார்ந்தது. அந்த மாசியில்தான் பெட்டிமரத்தின் ஊசிகளில் மஞ்சள் புள்ளி விழுந்தது. பங்குனிக்குள் மஞ்சள் துரு நிறமாயிற்று. கிளைக்குக் கிளை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நூலாம்படை. ஊசிகள் உதிர உதிர நிழலில் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டை வழியாக வெயில் இறங்கிய இடத்தில் அத்தாயியின் தோள் பழுத்துக் கொப்பளித்தது. காளியாத்தாள் பாயை இந்தப் பக்கம் இழுத்தாள், அந்தப் பக்கம் இழுத்தாள். பொழுதுக்கும் அவளுக்கு அதே வேலையாகப் போயிற்று.

அவரைப் பந்தலில் அசுவினிப் பூச்சி விழுந்தால் விடிகாலை ஈரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவுவது அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் செய்வதுதான். காளியாத்தாளும் அதையே செய்தாள். தன் வீட்டுச் சாம்பல் போதாமல் ஊரெல்லாம் முறத்தை ஏந்திக்கொண்டு போய் வாங்கினாள். யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஏணி போட்டு ஏறி, நுனிக்கிளை வரைக்கும் எட்டி எட்டித் தூவினாள். கரும்பச்சை மரம் விபூதி பூசிய பண்டாரம் மாதிரி ஆயிற்று. ஆனால் தூவத் தூவ ஊசி இன்னும் வேகமாகத்தான் உதிர்ந்தது. போதாது போலிருக்கிறது என்று நினைத்து அவள் இரண்டு வேளை தூவ ஆரம்பித்தாள். பாவம், வேறென்ன தெரியும் அவளுக்கு!

வைகாசியில் மரத்தில் விழுந்திருந்த பூச்சி பக்கத்துக் கொடிக்கால்களுக்கும் பரவிவிட்டது. முதலில் பட்டது வேலுசாமிக் கவுண்டரின் கொடிக்கால். ஊருக்குப் பெரிய தலைக்கட்டு, கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. காளியாத்தாளுக்கு முறம் முறமாகச் சாம்பல் கொடுத்ததில் அவர் வீடும் உண்டு. வெற்றிலை வெளிறி, நரம்பு சிவந்து, வியாபாரி தொடமாட்டேன் என்று போனபிறகு அவர் நாலு பேரோடு மரத்தடிக்கு வந்து தலைகுனிந்து நின்றார்.

"பாரு அம்மிணி, உம்புள்ள எனக்கும் புள்ளதான். அதுக்காவ ஊரு கொடிக்கால் அத்தனையும் போவோணுமா? வெத்தல போச்சுன்னா எங்கூட்டுலயும் புள்ளைக பட்டினிதான் கெடக்கோணும். மரத்த வெட்டித் தீ வெச்சாத்தான் இது தீரும்."

"மரத்த வெட்டினா எம்புள்ள செத்துப்போயிருமுங்க மாமா. அது தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

தெரிந்துதான் பேசினார். கடைசியில் ஆடிப் பதினெட்டு வரைக்கும் தவணை என்று முடிவாயிற்று. அதற்குள் மரம் தேறினால் விட்டுவிடுவது, தேறாவிட்டால் வெட்டுவது. ஊர் கலைந்து போனபிறகு காளியாத்தாள் வாயில் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு அழுதாள். மகள் கேட்கக்கூடாதே என்றுதான். மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

செங்கோட்டையன் நாமக்கல் போய் விவசாய இலாகாவிலிருந்து கைலாசம் என்பவரை அழைத்துவந்தான். அவர் சைக்கிளில் ஒரு பம்பும் ஒரு டின் மீனெண்ணெய்ச் சோப்பும் கட்டிக்கொண்டு வந்தார். சோப்பைக் கரைத்து அடித்தார். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டது. ஒரு வாரம் மரம் தெளிவாக இருந்தது. காளியாத்தாள் வேலூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, கையோடு சாம்பலும் தூவினாள். அடுத்த வாரம் துரு முன்னைவிட மோசமாக ஏறிற்று. ஆனி பிறந்துவிட்டது. மரத்தடியில் இப்போது பாய் போடுகிற அளவுக்குத்தான் நிழல் மிச்சம். அத்தாயி முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு படுத்தாள்.

கைலாசம் மறுபடி வந்தபோது பம்பை இறக்கவில்லை. தோளிலிருந்த வெள்ளைத் துண்டைக் கிளைக்கடியில் விரித்துப் பிடித்துக் கிளையை ஒரு தட்டுத் தட்டினார். ராகி கொட்டின மாதிரி துண்டு நிறைய விழுந்தது. விழுந்த ராகி ஓட ஆரம்பித்தது. செம்பேன். பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. பேன்களுக்கு நடுவே கடுகைவிடச் சின்னதாக, கறுப்பாக, சாம்பல் அப்பிச் செத்துக் கிடந்த வண்டுகளை நகத்தால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"இந்தச் சாம்பல் யாரும்மா போட்டது?"

"நாந்தானுங்க. ரெண்டு வேளையும் போடறனுங்க."

"நிறுத்துங்க. இந்தக் கறுப்பு வண்டுதான் பேனைத் தின்கிறது. சாம்பல் பட்டு வண்டு செத்துப்போச்சு, கேட்பாரில்லாமல் பேன் பெருகிடுச்சு. வெயிலும் தூசியும் இருந்தால் அதுக்குக் கல்யாண வீடு மாதிரி."

"அப்ப உங்க மருந்தையாச்சும் நெறையா அடிங்க சாமி!"

"என் மருந்தும் வேண்டாம். அதுவும் வண்டைத்தான் கொன்னிருக்கு, தப்பு எனக்கும் உண்டு. பச்சைத் தண்ணி போதும். மேலிருந்து கீழே வேகமா அடிச்சுக் கழுவுங்க. தூசி போகணும், நூலாம்படை போகணும். வண்டு தானா வரும்." பம்பை அங்கேயே விட்டுவிட்டு வெறும் சைக்கிளில் போனார்.

காளியாத்தாள் தன் வலது கையை மரத்தில் ஓங்கி ஓங்கி அடித்தாள். "எம்புள்ளைக்கு எங்கையாலயே கொள்ளி வெச்சிருக்கறனே, அடப்பாவி, எங்கையாலயே!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். இந்தமுறை மகளுக்குக் கேட்குமே என்று பார்க்கவில்லை. கத்தி முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு ஏணியை எடுத்துச் சாத்தினாள்.

கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. கவலை ஏற்றத்தில் மாட்டைப் பூட்டி இறைத்தால் சாலில் முக்கால்வாசி சேறு. அதைத் தெளியவைத்து, பம்பில் ஊற்றி, முதுகில் கட்டிக்கொண்டு அவள் ஏறினாள். கிளை கிளையாக, ஊசி ஊசியாகக் கழுவினாள். செங்கோட்டையன் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் சுமந்தான். அத்தாயி ஒன்றையும் தொடக்கூடாது, தொட்டால் தண்ணீர் கொதித்துவிடும். ஆகையால் அவள் மல்லாந்து படுத்தபடி கிளைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் காலை, "அம்மோவ்! ஒரு கறுப்பு வந்திருக்குது!" என்று கூவினாள். காளியாத்தாள் ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆமாம், ஒரு கறுப்பு. மறுநாள் அதோடு சில. அடிக்கிளைகளில் பச்சைத் துளிர் எட்டிப் பார்த்தது. ஆனால் துளிருக்கு அவசரமில்லை, ஆடிக்குத்தான் அவசரம்.

ஆடிப் பதினெட்டன்று மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் கரை நிறைய வந்தது. ஊர் மொத்தமும் ஆற்றில் முழுகிவிட்டு, ஈரத்தலையோடு, கோடாலியும் ரம்பமுமாகக் கொடிக்காலுக்கு வந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைந்தார்கள். மரம் கீழ்ப்பாதி பச்சை, மேல்பாதி துரு. காளியாத்தாள் உச்சி ஏணியில் நின்று கழுவிக்கொண்டிருந்தாள். இறங்கவில்லை.

"பாதி தேறியிருக்குது, நான் இல்லைங்கல," என்றார் வேலுசாமிக் கவுண்டர் அண்ணாந்து பார்த்து. "மீதிப் பாதியில இருக்கறது போதுமே அம்மிணி, எங்க சோலிய முடிக்க. எறங்கு."

"இன்னொரு மாசம் குடுங்க மாமா. ஒரே மாசம்!"

"சொன்ன சொல்லு சொன்னதுதான். எறங்கீரு."

அவள் பம்பைத் திருப்பி அவர் மூஞ்சியிலேயே அடித்தாள். தலைப்பாகை நனைந்து கண்ணை மறைத்தது. ஒருவன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். கவுண்டர் தலைப்பாகையை அவிழ்த்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, ரம்பக்காரனுக்குக் கண் காட்டினார். ரம்பம் மரத்தின் அடியில் பட்டதும் ஏணி அதிர்ந்தது. காளியாத்தாள் அப்போதும் இறங்கவில்லை. மரத்தோடு விழுகிறவள் போலத்தான் நின்றாள்.

அத்தாயி எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "நிறுத்துங்க, எங்கம்மா உழுந்துருவா," என்றாள். பிறகு மேலே பார்த்து, "அம்மோ, எறங்கு. எனக்காவ நீ சாவ வேண்டாம். நான் போயி அந்த ஆத்தப் பாத்துட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு வெயிலுக்குள் நடந்தாள்.

காளியாத்தாள் ஏணியில் இறங்கவில்லை, விழுந்தாள். எழுந்து ஓடுவதற்குள் எல்லோரும் கருகல் வாடைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வாடை வரவில்லை. மரத்தடியிலிருந்து நிழல், பாயைச் சுருட்டாமல் இழுத்துப்போகிற மாதிரி, வேர்ப்பக்கம் கழன்று, தரையோடு தரையாக அந்தப் பெண்ணின் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கொடி வரிசைகளைத் தாண்டிற்று. ரம்பக்காரன் காலைக் கடந்தபோது அவன் குளிரில் துள்ளினான். வரப்பில் அவளை எட்டிப் பிடித்து, அவள் தலைக்கு மேலே அகலமாக விரிந்துகொண்டு, அவள் நடந்த வேகத்துக்கு நடந்தது. முழு நிழல், ஒரு ஓட்டை இல்லை. அவள் வாயிலிருந்து குளிரில் புகை வந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேடேறி ஆற்றுப்பக்கம் இறங்கினாள். செங்கோட்டையனுக்கு அழுகையோடு குளிரில் பல்லும் கிட்டித்தது.

பெட்டிமரம் உச்சிவெயிலில் நின்றது. முளைத்த நாளிலிருந்து முதல்தடவையாக அதன் தூர் சுட்டது. பட்டை வெடித்துப் பிசின் வழிந்தது. வேலுசாமிக் கவுண்டர் வரப்பிலிருந்து காளியாத்தாள் பக்கம் திரும்பினார். அவர் குரலில் சந்தோஷம்கூட இருந்தது.

"ஆத்தா காப்பாத்திட்டா அம்மிணி. இனி உம்புள்ளைக்கு இந்த மரம் வேண்டியதில்ல. வெட்டிரலாமா?"

மகள் போன பக்கம் ஓட ஒரு காலை எடுத்து வைத்திருந்த காளியாத்தாள் திரும்பினாள். முழங்காலில் ரத்தம். ரம்பத்தை அதன் பல்லோடு பிடித்து மரத்திலிருந்து உருவி எறிந்தாள்.

"எம்புள்ளைக்கு நெழலக் குடுத்துப்போட்டுத் தான் வெயில்ல நிக்குது. இத வெட்டறதுக்கு நான் உட்ருவனா? இன்னைக்குத்தான் மாமா இதுக்கு நான் வேணும்."

அத்தாயி முதல்முதலாகக் காவேரியைப் பார்த்தபோது அம்மா பக்கத்தில் இல்லை. அம்மா உச்சி ஏணியில் நின்று கழுவிக்கொண்டிருந்தாள். கோடாலி கொண்டுவந்தவர்கள் அதை வரப்போரம் கீழே போட்டார்கள். அப்புறம் ஒருவன் கவலைக்கு மாடு பூட்டினான்.

புரட்டாசிக்குள் கறுப்பு வண்டு மரம் முழுக்க ஏறி, அங்கிருந்து கொடிக்கால்களுக்கும் இறங்கிவிட்டது. செம்பேன் ஒழிந்தது. சாம்பல் தூவுகிற பழக்கம் அந்த ஊரில் அவரைப் பந்தலோடு நின்றுபோயிற்று. யுத்தம் வந்தது, மண்ணெண்ணெய்க்கு ரேஷன் வந்தது. அத்தாயி ஆற்றுக்கு அக்கரையில் வாழ்க்கைப்பட்டுப் போனபோது நிழலும் பரிசலில் கூடவே போயிற்று. பரிசல்காரன் அதற்குத் தனிக்கூலி கேட்கவில்லை. கரும்பச்சையாக, நிழல் இல்லாமல், பெட்டிமரம் மடையோரம் நின்றது. வெற்றிலையை அதனடியில் யாரும் அடுக்குவதில்லை, பிரயோசனமில்லை. ஆனாலும் சித்திரை வெயிலில் அந்த வழியாகப் போகிறவர்கள் வாய்க்காலில் ஒரு குடம் மொண்டு தூரில் ஊற்றிவிட்டுத்தான் போனார்கள். கண் தெரியாமல் போன பிறகும் வேலுசாமிக் கவுண்டர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து தன் குடத்தை ஊற்றிவிட்டுப் போனார்.