ஜோடி மாறிய செருப்பு

ஆபீஸ் ஹாலின் பெரிய திரையில் தொடரின் கதாநாயகி ஆஸ்பத்திரி வாசலில் உறைந்து நின்றாள். தலைக்கு மேலே கடிகாரம் ஓடியது. காலுக்குக் கீழே இரண்டு பொத்தான்கள். பச்சையில் 'பெத்துக்கோ', சிவப்பில் 'கலைச்சிடு'. அவள் எதைச் செய்ய வேண்டும் என்று ஊரெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே போனில் தட்டிக்கொண்டிருந்தது.

"சிவப்புதான். பந்தயம்!" என்று கத்தினான் எடிட்டர்.

"போடா, இது பொம்பளைங்க பார்க்கிற கதை. பச்சை," என்றாள் இசை போடுகிறவள். எது ஜெயித்தாலும் வெட்ட கேக் தயாராக இருந்தது.

கதையை எழுதியவள் சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். வாய்த்துடுக்கு காரணமாக ஆபீஸ் அவளுக்கு வைத்த பேர் பட்டாசு. இந்தப் பொத்தான்களுக்காகவும் அவள் வெடிக்கத்தான் செய்தாள். "ஒருத்தியோட வயிறு என்ன விளையாட்டு மைதானமா சார்?" என்று டைரக்டரிடம் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. "நீ எழுதலைன்னா வேற எவனாவது கன்னாபின்னான்னு எழுதுவான். நீ எழுதினா மரியாதையா இருக்கும்," என்றார். அந்த ஒரு சொல்லில் பட்டாசு நமுத்துப்போனது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு எபிசோடிலும் கற்பனையில் வராத ஒரு விவரம் இருந்தாக வேண்டும். அதற்கு 'உண்மைத் துளி' என்று பேர். அது இல்லாவிட்டால் டைரக்டர் எழுதியதைத் திருப்பி அனுப்பிவிடுவார். பட்டாசு கொடுத்த துளி, செருப்பு. கதாநாயகி ஒரு காலில் கறுப்பும் ஒரு காலில் பழுப்புமாக ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள். டைரக்டர் எழுந்து கைதட்டினார்.

அது அக்காவின் செருப்பு. இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள், மூன்றாவது தன்னால் ஆகாது என்று தானே முடிவெடுத்தாள். தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று வீட்டில் சொல்லிவிட்டு இவள் அறைக்கு வந்தாள். கிளம்பிய அவசரத்தில் ஒரு காலில் தன்னுடையதையும் மறு காலில் தங்கையுடையதையும் மாட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. இருவரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டினாள். திரும்பி வந்து தூங்கி எழுந்தவள், கீழே புருஷனின் வண்டி ஹாரன் அடித்ததும் அதே செருப்போடு ஓடிவிட்டாள்.

போன் அடித்தது. அக்கா. பட்டாசு மாடிப்படிக்குப் போனாள்.

"உன் கதையில அவ ஏன்டி அந்தச் செருப்பைப் போட்டிருக்கா?" கிசுகிசுப்பான குரல். பின்னால் குழாய்த் தண்ணீர் கொட்டியது, பாத்ரூமிலிருந்து பேசுகிறாள்.

"யாருக்கும் தெரியாதுக்கா. நம்ம ரெண்டு பேருக்குத்தானே..."

"என் மாமியாருக்குத் தெரியும். 'தங்கச்சிக்குக் காய்ச்சல்னு போயிட்டு நீயும் ஒரு நாள் இப்படித்தானே வந்து நின்ன'ன்னு கேட்டாங்க. உங்க மாமா சிரிச்சார். அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு என் மூஞ்சியைப் பார்த்தார். போனை என் கையில கொடுத்து, நீ எதை அமுக்குவேன்னு கேட்டார்."

"எதைக்கா அமுக்கின?"

"பச்சையை. பின்ன? நான் இந்த வீட்டுல இருக்கணும்ல." குழாயை இன்னும் திறந்துவிடும் சத்தம் கேட்டது. "சிவப்பு ஜெயிச்சா நாளைக்கு என்னடி வரும்?"

கதையின் இரண்டு முடிவுகளையும் முன்பே படமெடுத்து வைத்திருந்தார்கள். பட்டாசு முதலில் எழுதிய சிவப்பு முடிவில் கதாநாயகி வீட்டுக்கு வந்து தூங்குவாள், அவ்வளவுதான். தூக்கத்தை யார் பார்ப்பார்கள் என்று டைரக்டர் அடித்துவிட்டார். இவளும் உட்கார்ந்து மாற்றி எழுதினாள்.

"அழுவாக்கா. தொட்டில் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும் அவளுக்கு. கதறுவா."

"நான் அழலையேடி. கல்யாணத்துக்கு அப்புறம் நான் அப்படி நிம்மதியாத் தூங்கினதே இல்ல. நீதானே போர்வை போத்திவிட்ட?"

"ஆமாக்கா."

"பார்த்துட்டா அப்படி எழுதின?"

ஹாலில் விசில் பறந்தது. சிவப்பு ஜெயித்துவிட்டது.

பட்டாசு நேராக டைரக்டரிடம் போனாள். "அந்த அழுகையை எடுத்துடுங்க சார். அது பொய்."

"செருப்பு உண்மை. அது போதும்," என்றார் அவர், கேக்கை மென்றுகொண்டே. "சிவப்பை அமுக்கினவன்ல பாதிப்பேர் அவ அழறதைப் பார்க்கத்தான்மா அமுக்கினான். அவனுக்கு நான் தூங்கறவளையா காட்டறது?"

அவள் வாயில் வந்ததையெல்லாம் கேட்டாள். அடையாள அட்டையைக் கழற்றி கேக் மேலேயே எறிந்தாள். வேலையை விட்டு என்ன பிரயோஜனம்? எபிசோடு மறுநாள் சொன்ன நேரத்துக்கு வந்தது, அவள் பெயரைப் போட்டுக்கொண்டு.

அதை அக்கா தனியாகப் பார்க்கக்கூடாது என்று அவள் வீட்டுக்கே போய் உட்கார்ந்தாள் பட்டாசு.

"வாம்மா, உன் பேருதான் பெருசா வருது," என்று இடம் விட்டாள் அக்காவின் மாமியார். திரையில் கதாநாயகி காதைப் பொத்திக்கொண்டு கதறினாள். தொட்டில் கிரீச்சிட்டது. மாமா திரையைப் பார்க்கவில்லை. அவர் கண் அக்கா மேலேயே இருந்தது.

"அழட்டும்," என்றாள் மாமியார். "செஞ்சவ அழுதுதானே ஆகணும்."

அக்கா பிள்ளைகளின் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "எப்படித்தான் இவளுங்களுக்கு மனசு வருதோ அத்தை," என்றாள். "பெத்த வயிறா அது?"

மாமாவின் தோள் தளர்ந்தது. அவர் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பட்டாசு சட்டென்று அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வசனம் இவள் எழுதியது. போன எபிசோடில் பக்கத்து வீட்டுக்காரி வாயில் வைத்தது. அக்கா ஒரு எழுத்து பிசகாமல் சொல்லிவிட்டாள்.

வழியனுப்ப வாசல் வரை வந்தாள் அக்கா.

"திட்டவாவது திட்டேன்க்கா."

"எதுக்குடி? மாமா சமாதானமாயிட்டார். விடு."

"இனிமே ஏதாவது ஒண்ணுன்னா என்கிட்ட சொல்லுவ இல்ல?"

அக்கா குனிந்து, குவிந்து கிடந்த செருப்புகளிலிருந்து தங்கையின் பழுப்புச் செருப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, அவள் கால் முன்னால் சேர்த்து வைத்தாள்.

"ஜோடி பார்த்துப் போட்டுக்கிட்டுப் போ," என்றாள்.