தண்ணீர் போகாத குழாய்

“அப்பா, இந்தக் குழாய்ல தண்ணியே போகப்போறதில்லை. அப்புறம் எதுக்குப் பசை?”

கேட்டது மிளகு. ஆள் சிறிசு, பேச்சு காரம் என்று அவளுடைய மாமா வைத்த பெயர். அப்பா குழாய் வேலை செய்பவர். சுற்றுலா வருகிறவர்கள் கூடாரம் போட்டுத் தங்குகிற ஏரிக்கரைப் புல்தரையில் மண்டியிட்டு, ஒரு வெள்ளைக் குழாயின் நுனியில் பசை தடவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

“கசியக் கூடாதுல்ல.”

“எது கசியும்?”

“போய் அம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணு, போ.”

படுக்கையும் அடுப்பும் வைத்த அந்த வேன் அவர் மனைவியின் அண்ணனுடையது. அந்த அண்ணன் பஸ் கண்டக்டர். காலமெல்லாம் அடுத்தவர் பயணத்துக்குச் சீட்டுக் கிழித்தவர், தானும் ஊர் சுற்ற வேண்டும் என்று வாங்கிய வண்டி. தங்கை குடும்பம் எங்கேயுமே போனதில்லை என்று அவராகவே சாவியைக் கொடுத்தார்.

“கீறல் படாம கொண்டு வாங்க மாப்பிள்ளை. பக்கத்துல இழுத்துக் கட்டற படுதா இருக்கு. அதோட கம்பைத்தான் எங்கேயோ தொலைச்சுட்டேன். நீங்கதான் குழாய்க்கெல்லாம் ராஜாவாச்சே, ரெண்டு கம்பு செஞ்சுக்கங்க.”

அந்த ஒரு சொல் போதும். ராஜா வேலையில் இறங்கிவிட்டார். கடையிலேயே கம்பு கிடைக்கும் என்று மனைவி சொன்னது காதில் ஏறவில்லை. வேலை பார்த்த வீடுகளில் மிஞ்சிய தடித்த குழாய்களை அளந்து அறுத்தார். இரண்டு கால்கள். படுதாவின் ஓர மடிப்புக்குள் நுழைகிற ஒரு குறுக்குக் குழாய். மூலைக்கு ஒரு எல்போ, அதாவது இரண்டு குழாயை மடக்கி இணைக்கிற முழங்கை மூட்டு. கயிறு கட்ட முளைகள்கூட வாங்கவில்லை. அரை அங்குலக் குழாயின் நுனியைச் சாய்வாகச் சீவி அவரே செய்துகொண்டார். எல்லாம் கழற்றிக் கட்டி எடுத்துப் போகிற மாதிரிதான் யோசித்திருந்தார். பசை அந்த யோசனையில் இல்லவே இல்லை.

ஆனால் ஏரிக்கரையில் நிறுத்திப் பார்த்தபோது, எல்போவுக்குள் குழாய் லேசாக ஆடியது. ஆடுகிற இணைப்பை அப்படியே விட்டுவிட அந்தக் கைக்குத் தெரியாது. பையைத் திறந்தார். வழக்கம்போல அதில் பசை டப்பா இருந்தது. வேலை முடிந்து உலுக்கிப் பார்த்தபோது மொத்தச் சட்டமும் கோட்டைக் கதவு மாதிரி அசையாமல் நின்றது.

மனைவி டீ கொண்டுவந்தாள். படுதாவின் நிழலில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. போறப்போ எப்படிங்க கழட்டுவீங்க?”

அவர் ஒரு வாய் டீ குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

“என்னங்க?”

“அறுத்துக்கலாம்.”

“ரம்பம் இருக்கா?”

ரம்பம் வீட்டுச் சுவரில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மறுபடி படுதாவைப் பார்த்தார். ஒரு பக்கத்துத் துணியை வண்டிக் கூரையின் ஓரச் சட்டத்தில் மச்சான் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார். மறுபக்க மடிப்புக்குள் குறுக்குக் குழாய். அதன் இரு முனையிலும் ஒட்டிப்போன எல்போ. துணியை உருவ முடியாது. காலை மடக்கவும் முடியாது.

“பசையை மறக்காம எடுத்து வச்சவருக்கு ரம்பம் மட்டும் மறந்துடுச்சு” என்றாள் மனைவி. “பரவாயில்லை. கிளம்பறப்போ நான் வண்டியை மெதுவா ஓட்டறேன். நீங்க இதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலேயே ஓடி வாங்க.”

மிளகு விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“இந்த இடத்துக் காவலாளிகிட்ட ரம்பம் இருக்கும். போய்க் கேளுங்களேன்.”

“காலையில பாத்துக்கலாம்.”

தான் செய்ததைத் தானே போட்டு அறுக்க மனசு வரவில்லை. அதற்குள் இன்னொருவர் முன்னால் போய் ரம்பம் கேட்டு நிற்கவும் வெட்கம்.

வண்டிக்கு மறுபுறம், கொஞ்சம் பின்னால், ஒரு சின்னக் கூடாரம் போட்டிருந்தார்கள். ரொட்டிக்கடையில் வேலை செய்கிற ஒரு இளைஞர், அவர் மனைவி, ஒரு கைக்குழந்தை. பால்புட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்த ரொட்டிக்காரர், படுதாவின் கயிற்றில் கால் தடுக்கி விழப்பார்த்தார். புட்டி மண்ணில் உருண்டது. முளை ஒன்று பிடுங்கிக்கொண்டு வந்தது.

“கண்ணை எங்க வச்சுட்டு நடக்கறீங்க? மாங்கு மாங்குன்னு அடிச்சு வச்சிருக்கேன்” என்று குழாய்க்காரர் எரிந்து விழுந்தார்.

“பாக்கலை அண்ணே. மன்னிச்சுக்கங்க.”

ரொட்டிக்காரரே குனிந்து முளையைத் திரும்ப அடித்தார். பிறகு மண் ஒட்டிய புட்டியோடு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பி நடந்தார்.

மனைவி டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நம்மேல் நமக்கு வருகிற கோபத்தைத்தான் நாம் வழியில் போகிறவர் தலையில் இறக்கி வைக்கிறோம். கடவுள் அதற்காகப் பெரும்பாலும் நம்மைத் தண்டிப்பதில்லை. அந்த வழிப்போக்கரையே நம்மிடம் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

வெயில் தாழ்ந்ததும் ஏரியின் அக்கரை மங்கியது. தண்ணீர்மேல் ஒரு கறுப்புக் கோடு எழுந்து இந்தப் பக்கமாக வந்தது. கரையோர நாணல் மொத்தமாகப் படுத்தது. மனைவி தட்டுகளை அள்ளி உள்ளே வைத்து, மிளகையும் தூக்கி உள்ளே விட்டு, கதவைச் சாத்துவதற்குள் காற்று வந்துவிட்டது.

படுதாவின் திறந்த பக்கம் ஏரியைப் பார்த்திருந்தது. காற்று நேராக அதன் அடியில் புகுந்தது. துணி வயிறு மாதிரி உப்பியது. ஒரு முளை தெறித்தது. அடுத்தது. சீவிய குழாய் முளைகள் ஈர மண்ணிலிருந்து வெண்ணெயில் செருகிய குச்சி போல உருவிக்கொண்டு வந்தன. இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பின.

அவர் ஓடிப்போய் ஒரு காலைக் கட்டிப்பிடித்தார். மனைவி இன்னொன்றைப் பிடித்தாள்.

“விடாதே!”

“விடலைங்க. நீங்க பிடிங்க.”

பிடித்தபடியே அவருக்குப் புரிந்தது. கடைக் கம்பாக இருந்தால் இந்நேரம் மூட்டு கழன்று துணி தொய்ந்து விழுந்திருக்கும். இது கழலாது. மொத்தச் சட்டமும் கீல் போட்ட கதவு மாதிரி எழுந்து, வண்டிக் கூரைக்கு மேலே புரண்டு, அந்தப் பக்கம் போய் இறங்கும். அந்தப் பக்கம் அந்தச் சின்னக் கூடாரம். சற்று முன்னால்தான் அதற்குள் தாலாட்டுச் சத்தம் கேட்டு அடங்கியிருந்தது.

“தம்பி!” என்று கத்தினார். “தம்பி, வெளிய வாங்க!” காற்று அவர் குரலை வாயோடு பிடுங்கிக்கொண்டு போனது. நடுவில் வண்டி மறைத்தது. போய்ச் சொல்வதென்றால் யாராவது ஒருவர் கையை விட வேண்டும். ஒருவர் விட்டால் மற்றவரால் தாங்க முடியாது.

மனைவியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவள் வேண்டிக்கொள்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அவருக்கு வேண்டுதல்கூட வரவில்லை. நெஞ்சுக்குள் ஒரே ஒரு வார்த்தைதான் ஓடியது: பசை, பசை, பசை.

அடுத்த வீச்சில் அவருடைய பாதம் தரையை விட்டது. ஒரு கணம் குழாயில் தொங்கினார். கீழே வந்தபோது பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை குறுக்குக் குழாயைப் பற்றியிருந்தது. ரொட்டிக்காரர்.

“கூரைக்கு மேல படுதா தெரிஞ்சுது அண்ணே. அதான் ஓடி வந்தேன்.”

“இதை விடுங்க. போய்ப் பாப்பாவைத் தூக்குங்க. இது பறந்தா உங்க கூடாரத்து மேலதான் விழும்.”

ரொட்டிக்காரர் வண்டியைப் பார்த்தார், படுதாவைப் பார்த்தார். அடுத்த நொடி ஆள் அங்கே இல்லை.

அதற்குப் பிறகுதான் நிஜமான கஷ்டம். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. எழுந்துவிட்டார்களா? பாப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கிறார்களா? செருப்பைத் தேடுகிறார்களா? அவர் விரல்கள் மரத்துப்போயின. எதிரே மனைவியின் கை நழுவி, நழுவி, திரும்பப் பிடித்தது. வண்டி ஜன்னலில் மிளகின் முகம் ஒட்டியிருந்தது. அவளிடமிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை.

“இன்னும் கொஞ்சம்” என்றார்.

“எவ்வளவு கொஞ்சம்?”

“தெரியலைம்மா.”

ரொட்டிக்காரர் திரும்பி வந்தார். அவர் வந்திருக்க வேண்டியதே இல்லை. பெண்டாட்டி பிள்ளையைக் குளியலறைக் கட்டடத்தில் விட்டவர், அங்கேயே அவர்களோடு சுவருக்குப் பின்னால் நின்றிருக்கலாம். கையில் ரொட்டி அறுக்கிற நீளக் கத்தி இருந்தது.

“ரெண்டு பேரும் பத்திரம்ணே. அவசரத்துல கூடாரக் கதவைக்கூட மூடலை.”

“அப்ப நாங்க விட்டுடறோம்.”

“விட்டா உங்க கூரை போயிடும். பொண்ணு உள்ள இருக்கு. துணியை அறுத்துடலாமா?”

குழாய்க்காரர் தயங்கினார். மச்சான் குரல் காதில் கேட்டது: கீறல் படாம கொண்டு வாங்க மாப்பிள்ளை.

“அறுங்க தம்பி” என்றாள் மனைவி. “அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன்.”

கத்தி துணியில் ஏறியது. ரொட்டிக்காரர் ஒரு சாணளவு அறுத்தபோது, வண்டிக்கு அந்தப் பக்கம் ஏதோ பறவை சிறகடிப்பது போலப் படபடவென்று சத்தம் கேட்டது. பிறகு கம்பு முறிகிற ஓசை. உடனே இன்னொன்று. திறந்து கிடந்த கூடாரத்துக்குள் காற்று புகுந்துவிட்டது. ஓடினால் அமுக்கிப் பிடித்துவிடலாம். ரொட்டிக்காரருடைய கை ஒரு கணம் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி அறுத்தார். துணி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பிளந்தது. காற்று பிளவின் வழியாக ஓடியது. சட்டம் உயிர் போனது மாதிரி அவர்கள் கையில் தொய்ந்து, புல்லில் சாய்ந்தது.

மூவரும் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

“இத்தனை நாள் ரொட்டியைத்தான் அறுத்திருக்கேன்” என்றார் ரொட்டிக்காரர், மூச்சு வாங்க. “இவ்வளவு பெரிசா ஒண்ணும் அறுத்ததில்லை.”

கூடாரம் வேலியில் சிக்கிக் கிடந்தது. துணி பிழைத்துவிட்டது. அதை வளைத்துத் தாங்குகிற மெல்லிய கம்புகள் இரண்டிலும் நடுவில் விரிசல்.

“என்னால வந்தது தம்பி.”

“சேச்சே, அது பழசுண்ணே. இந்த வருஷம் தாங்கினதே பெரிசு.” எல்லாவற்றையும் சுருட்டிப் பையில் போட்டு, வாயைக் கட்டி, மரத்தடியில் சாய்த்தார்.

மனைவி போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். “வா தங்கச்சி. பாப்பாவும் நீயும் இன்னிக்கு வண்டிக்குள்ளதான்.” ரொட்டிக்காரர் தன் பழைய காரின் பின்சீட்டில் முடங்கிக்கொண்டார். குழாய்க்காரர் இருட்டுவதற்குள் காவலாளியிடம் போய், வெட்கப்படாமல் ரம்பம் கேட்டு வாங்கி, சட்டத்தைத் துண்டு துண்டாக அறுத்து அடுக்கினார்.

முன்சீட்டில் அவர் படுக்கப் போனபோது மனைவி ஜன்னல் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள்.

“அந்தக் கூடாரம் பழசு இல்லைங்க. கல்யாணத்துக்கு அவங்க கடைக்காரங்க எல்லாரும் சேர்ந்து கொடுத்ததாம். இன்னிக்குத்தான் முதல் தடவையா விரிச்சிருக்காங்க.”

அவர் கண் மரத்தடியில் சாய்ந்திருந்த பைக்குப் போனது.

விடிகிற நேரத்தில் எழுந்தார். ஏரி, நேற்று எதுவுமே நடக்காதது போலப் படுத்திருந்தது. காரின் கண்ணாடியில் ரொட்டிக்காரருடைய உள்ளங்கால் தெரிந்தது. நல்ல தூக்கம். எழுப்பிக் கேட்டால், பழசுதானே, விடுங்கண்ணே என்பார். அப்புறம் அது பழசில்லை என்று தனக்குத் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டிவரும். அன்பாகச் சொன்ன ஒரு பொய்யை உடைத்துத்தான் நன்றி சொல்ல வேண்டுமா என்று அவருக்குத் தோன்றியது.

புல்லில் தேடி, தெறித்த முளைகளைப் பொறுக்கினார். கூர் நுனிகளை ரம்பத்தால் அறுத்தெறிந்து, விளிம்பை உரசி மழுங்க வைத்தார். இப்போது அவை வெறும் குழாய்த் துண்டுகள். மரத்தடிப் பையை அவிழ்த்து, கம்புகளை எடுத்து, விரிசல் விட்ட இடத்துக்கு மேலும் கீழும் குழாய்க்காரர்களின் வெள்ளை டேப்பை அடுக்கடுக்காகச் சுற்றினார். குழாய்த் துண்டை உறை மாதிரி அதன்மேல் திருகித் திருகி ஏற்றினார். இறுகி உட்கார்ந்தது. முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்தார். முனகாமல் வளைந்தது.

கை தானாகப் பசை டப்பாவைத் திறந்திருந்தது. தூரிகை வெளியே வந்துவிட்டது. அதை ஒரு நொடி பார்த்தார். திரும்ப உள்ளே விட்டு மூடியை முறுக்கினார்.

பிறகு கம்புகளைப் பழையபடி மடக்கி, கூடாரத் துணிக்குள் சுருட்டி, பையில் இறக்கினார். ரொட்டிக்காரர் போட்டிருந்த அதே மாதிரி முடிச்சைப் போட்டார். முதல் தடவை சரியாக வரவில்லை, அவிழ்த்து மறுபடி போட்டார். பையை அது சாய்ந்திருந்த அதே பக்கமாகச் சாய்த்து வைத்தார். இனி என்றைக்கோ ஒருநாள், வேறு ஏதோ ஒரு கரையில், அந்த முடிச்சு அவிழும்போதுதான் கம்பு சரியானது ரொட்டிக்காரருக்குத் தெரியும். அப்போது குழாய்க்காரர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

புல்லில் கிடந்த டேப்புத் துணுக்குகளையும் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எல்லோருக்குமாக டீத்தண்ணி வைக்கப் போனார்.