பெயர் போடாத கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் அறிவியல் டீச்சர் மூன்றாவது மாடி, பள்ளி வேன் டிரைவர் தரைத்தளம், நடுவில் நான். மேலே போவதும் கீழே வருவதும் என் வாசலைத் தாண்டித்தான். கதவைத் திறந்து வைத்திருப்பது காற்றுக்காக. காதில் வந்து விழுவதற்கு நான் பொறுப்பில்லை.

டிரைவரின் மகள் ஒன்பதாம் வகுப்பு. எதையும் குடைந்து குடைந்து கேட்பதால் வீட்டிலேயே அவளுக்குக் 'குடைச்சல்' என்று பெயர். டீச்சர் வேலை செய்வதும், டிரைவர் வேன் ஓட்டுவதும், குடைச்சல் படிப்பதும் ஒரே பள்ளியில். அப்பா வேன் ஓட்டும்வரை மகளுக்கு அங்கே இடம். அவர் வேலை போனால் அவள் படிப்பும் கூடவே இறங்கிவிடும்.

இந்த வருடம் அந்த வகுப்புக்கு நாற்பது டேப்லெட் வந்தது. பிள்ளைக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். சுவரில் பெரிய திரை. பாடம் முடிந்ததும் பத்து நிமிடம், யாருக்கு என்ன கேள்வியோ தட்டலாம். பெயர் இல்லாமல் திரையில் வரும். வாய் திறக்கவே கூச்சப்படும் பிள்ளைகளும் யோசித்துக் கேட்பார்கள் என்பது டீச்சரின் எண்ணம். நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்லவில்லை.

"புத்தகத்துல இருக்குன்னு நம்பாதீங்க. நான் சொல்றேன்னும் நம்பாதீங்க. சோதிச்சுப் பாருங்க" என்றாராம் முதல் நாளே.

நம்ம குடைச்சல் சும்மா இருப்பாளா? "மிஸ், யார் கேட்டதுன்னு உங்களுக்கும் தெரியாதா?"

"எனக்கும் தெரியாது."

அன்றிலிருந்து அவளுக்கு மிஸ் பைத்தியம். சாயங்காலம் மிஸ்ஸின் பையை மூன்று மாடி சுமந்துகொண்டு போவாள். அவர் மாதிரியே கண்ணாடி இல்லாத மூக்கை விரலால் தள்ளிக்கொள்வாள். பெற்றவள் பொறாமையில் புழுங்கினாள். "வீட்டுல ஒரு தம்ளரைத் தூக்கி வைக்க மாட்டா. அங்க மூட்டை தூக்குறா பாருங்கக்கா" என்று என்னிடம்தான் வந்து புலம்பினாள்.

ஒருநாள் பாடம் விளம்பரத்தைப் பற்றி. ஒரு விளம்பரம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கேள்வி நேரத்தில் திரையில் ஒன்று வந்தது: 'நம் பள்ளி வாசலில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பேனர் இருக்கிறது. பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்பு ஏழு பேரை வேறு பள்ளிக்கு அனுப்பினார்கள். எழுதியவர்கள் அறுபத்து மூன்று. அந்த ஏழு பேரையும் சேர்த்தால் தொண்ணூறுக்கு மேல் போகுமா?'

டீச்சர் மட்டும் கை தட்டினாராம். "இதுதான் கேள்வி. யார் கேட்டிருந்தாலும் சபாஷ்."

மூன்றாம் நாள் தலைமையாசிரியர் டிரைவரைக் கூப்பிட்டு அனுப்பினார். "வண்டி ஓட்டுறவர் வீட்டுல ரொம்பத்தான் கணக்குப் போடுறாங்க போல" என்று ஆரம்பித்து, மகள் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும், இன்னொரு தடவை நடந்தால் அப்பனும் மகளும் சேர்ந்தே கிளம்பலாம் என்று முடித்தார். மனிதர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

குடைச்சல் அழுதுகொண்டே மூன்று மாடி ஏறினாள். டீச்சர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "நீ தட்டும்போது பக்கத்துல உட்கார்ந்தவங்க யாராவது பார்த்திருப்பாங்கம்மா. எல்லாரையும் நம்பிடக் கூடாது."

பக்கத்தில் உட்கார்கிறவள் அவளுடைய உயிர்த்தோழி. பேச்சே குறைவு, அதனால் வகுப்பில் அவளுக்கு 'அமுக்குணி' என்று பெயர். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவளோடு குடைச்சல் எட்டு நாள் பேசவில்லை. அந்தப் பெண் தினமும் எங்கள் வாசல் கேட்டில் கால்கடுக்க நின்று பார்த்துவிட்டுப் போகும். எனக்கே மனசு கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் நாள் அமுக்குணி கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். படிக்கட்டில் குடைச்சலை மடக்கிப் பிடித்தாள்.

"நான் சொல்லலை. நீ நம்ப வேணாம், சோதிச்சுப் பாரு. நாளைக்கு என் டேப்லெட்டை நீ எடுத்துக்கோ, கடைசி பெஞ்சுல தனியா உட்கார்ந்து ஏதாவது தட்டு. பார்த்து யாரோ சொல்றாங்கன்னா உன்னைக் கூப்பிடுவாங்க. என்னைக் கூப்பிட்டா, சொல்றது ஆள் இல்ல, டேப்லெட்."

"உனக்குத் திட்டு விழுமே."

"எட்டு நாள் நீ பேசாததை விடவா?"

கேள்வி சாதுவானதுதான்: 'ஆசிரியர்கள் அறையில் ஏசி இருக்க, எங்கள் வகுப்பில் மின்விசிறி ஏன் மூன்று மாதமாக ஓடவில்லை?' மறுநாள் காலை தலைமையாசிரியர் அறைக்கு அழைக்கப்பட்டது அமுக்குணி. ஒரு எழுத்தும் தட்டாதவள் அரை மணி நேரம் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் குடைச்சல் பை எதையும் தூக்கவில்லை. வெறுங்கையோடு மேலே போனாள். எனக்கு அப்போது பார்த்துக் கதவருகே கொஞ்சம் துடைக்க வேண்டியிருந்தது.

"மிஸ், அவளை ஏன் கூப்பிட்டாங்க?"

"மின்விசிறிக் கேள்விக்கு. பாவம், நல்ல பொண்ணு."

"அவ எழுதலை மிஸ். நான் எழுதினேன். அவ டேப்லெட்ல."

டீச்சர் குரல் ரொம்பத் தணிந்து வந்தது. "என் லேப்டாப்ல டேப்லெட் நம்பரோட பேரும் வரும்மா. அவங்க லிஸ்ட் கேட்டா நான் கொடுக்கணும். என் வேலை இன்னும் நிரந்தரம் ஆகலை. உனக்கு இதெல்லாம் புரியாது."

"கொடுத்ததைக் கேட்கலை மிஸ். எங்கப்பாவுக்கும் வேலை பயம் இருக்கு, எனக்குப் புரியும். ஆனா எங்கிட்ட எதுக்கு அவளைக் கைகாட்டினீங்க?"

பதில் வரும் என்று நானும்தான் துணியைப் பிழியாமல் நின்றேன். குடைச்சல்தான் படியிறங்கி வந்தாள்.

விஷயம் வகுப்பு முழுக்க எப்படிப் பரவியது என்று என்னைக் கேட்காதீர்கள். என் எதிர் வீட்டிலும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவள் அம்மாவுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை உண்டு, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் தாளாளரும் நாலு பெரிய மனிதர்களும் இந்த வகுப்பைப் பார்க்க வந்தார்கள். டீச்சரின் வேலை நிரந்தரமாவது அன்றைக்குத்தான் முடிவாகும். நாற்காலி தூக்கிப்போட்ட டிரைவர் கதவோரம் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னார். பாடம் முடிந்தது. கேள்வி நேரம். பிள்ளைகள் ஒழுங்காகக் குனிந்து தட்டினார்கள். திரையில் ஒவ்வொன்றாக வந்தது: 'சந்தேகம் எதுவும் இல்லை.' 'சந்தேகம் எதுவும் இல்லை.' நாற்பதும் அதேதான்.

தாளாளருக்கு வாயெல்லாம் பல். "ஒருத்தருக்குக்கூடச் சந்தேகம் வராதபடி நடத்தியிருக்கீங்க டீச்சர்" என்று அங்கேயே கை கொடுத்தார். வேலை நிரந்தரம்.

அன்று டீச்சர் படியேறும்போது தோழிகள் இருவரும் படிக்கட்டில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். மரியாதையாக எழுந்து வழிவிட்டார்கள்.

"ஏதாவது புரியலையாம்மா?" என்றார் டீச்சர். கேட்டுவிட்டு நின்றார்.

"எல்லாம் புரியுது மிஸ்."

அவர் மேலே போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டபிறகு அமுக்குணி கிசுகிசுத்தாள். "ஒளி விலகல் புரியலைன்னு இப்பதானே என் உயிரை எடுத்தே?"

"அப்பாகிட்ட கேட்டுக்கறேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா தெரியாதுன்னு அவர் சொன்னா, நிஜமாவே தெரியாது."