நாளுக்கு மூன்றடி

அலாஸ்காவில் பெல்டன் கோவ் என்ற மீன்பிடி ஊரில், 1994 செப்டம்பர் பதினான்காம் தேதி காலை ஆறரை மணிக்கு வெண்டல் ஹாகன் ஒரு கரடியை நோக்கிச் சுட்டான். துப்பாக்கி கொடுத்த உதை ஒன்பது வருடம் ஏழு மாதத்துக்கு ஓயவில்லை. நாளுக்கு மூன்றடி வீதம் அவனைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனது. மூன்றடி என்பது சராசரிக் கணக்கு. பனி உருகி மண் வழுக்கும் மாதங்களில் நான்கு விரற்கடை கூடும், தரை இறுகினால் அதே அளவு குறையும். கரடி மேல் குண்டு படவில்லை. அது சத்தத்துக்கு மிரண்டு ஆற்றுப் பக்கம் ஓடியது, மறுநாள் நிதானமாக வந்து மிச்சமிருந்த மீனைத் தின்றுவிட்டுப் போனது.

துப்பாக்கியை அந்த வருடம் மார்ச்சில்தான் வாங்கியிருந்தான். ஐந்து குண்டு போடும் ரிவால்வர். ஒவ்வொரு குண்டும் ஆள்காட்டி விரல் தடிமன், மொத்த எடை ஒன்றேமுக்கால் கிலோ. அதை இடுப்பில் மாட்டினால் கால்சட்டை இறங்கியது, கால்சட்டைக்குத் தோள்பட்டி போட்டால் குனிந்து படகு எஞ்சினைப் பிரிக்க முடியவில்லை. வெண்டலுக்குப் படகு எஞ்சின் பழுதுபார்ப்பதுதான் பிழைப்பு. பிக்கப் வண்டியில் உட்காரும்போது துப்பாக்கியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவன் மனைவி டோரீன் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி, எதையும் உபயோகம் பார்த்து வாங்குகிறவள். "பாத்ரூம் போறப்பவும் வேணுமா அது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதோடு விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது என்று பின்னாளில் பலரிடம் சொன்னாள்.

எட்னாவின் காபிக்கடையில் அப்படி விடவில்லை. எங்கள் ஊரில் கரடி வரும், அது புதிதல்ல. வந்தால் சட்டியைத் தட்டுவார்கள், நாயை அவிழ்த்துவிடுவார்கள், இல்லாவிட்டால் ஆர்லோவின் இரும்புச் சாமான் கடையில் விற்கும் மிளகாய் ஸ்ப்ரேயை அடிப்பார்கள். "இதத் தூக்கிட்டு நடக்கிறதுக்கு கரடிகிட்ட ஒரு கடி வாங்கிக்கலாம்டா வெண்டல்," என்றான் ஆர்லோ. "ஸ்ப்ரே ஒண்ணு வாங்கு, பாக்கெட்ல போடு, சோலி முடிஞ்சுது."

"காத்து எதிர்ல அடிச்சா உன் மிளகாய் என் கண்ணுலதான்டா விழும்."

"கண்ணு எரிஞ்சாலும் காது மிஞ்சும். இதைச் சுட்டா உனக்கு ரெண்டும் போயிடும்."

அன்றிலிருந்து அவனுக்குப் பீரங்கி என்று பெயர். "என்ன பீரங்கி, இன்னிக்காவது எதையாவது சுட்டியா?" என்று ஆறு மாதம் காலை தவறாமல் கேட்டார்கள். வெண்டலும் சிரித்துக்கொண்டேதான் காபி குடித்தான். வீட்டுக்கு வந்ததும் மேசையில் துணி விரித்து அந்தத் துப்பாக்கியை ஒரு மணி நேரம் துடைப்பான். டோரீன் அதைப் பார்த்தாள், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஹாகன் வீடு ஊரின் கிழக்குக் கோடி. அதற்கும் கிழக்கே ஆறு, எதிர்க்கரையில் மனித வாடையே கிடையாது. வீட்டுக்கு மேற்கே நாற்பது எட்டில் மீன் புகைபோடும் கொட்டகை. அதைத் தாண்டி ஊர், ஊரைத் தாண்டிச் சதுப்பு, இரண்டு மைலில் கடல். அன்று காலை வெண்டல் கொட்டகையில் விறகு வைத்துவிட்டுத் திரும்பினான். வீட்டுச் சுவரோரம் வைத்திருந்த மீன் தொட்டிக்குள் கரடி தலையை விட்டிருந்தது. கரடிக்குப் பின்னால் சுவர். சுவரில் அவன் மகள் மார்னியின் அறை ஜன்னல். துப்பாக்கி தொடுகிற எவனுக்கும் எங்கள் ஊரில் முதல் பாடமாகச் சொல்வது ஒன்றே: குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். வெண்டலும் அதைப் பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன்தான்.

குண்டு ஜன்னலின் மூலையைத் துளைத்து, அறையைக் கடந்து, சமையலறையைக் கடந்து, திறந்திருந்த பின்கதவு வழியாக ஆற்றில் போய் விழுந்தது. டோரீன் அடுப்பருகே நின்று பான்கேக் மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். முழங்கைக்கு ஓரடி தள்ளிக் காற்று கிழிந்ததை உணர்ந்தாள். கத்தக்கூடத் தோன்றவில்லை. மார்னியின் அறைக்கு ஓடினாள். ஏழு வயதுப் பிள்ளை தரையில் உட்கார்ந்திருந்தது. பாத்ரூமில் இருந்தேன், இப்போதுதான் வந்தேன் என்றது. டோரீன் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு பார்த்தால் பிள்ளையின் இரண்டு பின்னலில் இடது பின்னலில் பாதியைக் காணோம். கத்தரிக்கோலை எடுத்து விளையாடியிருக்கிறாயே என்று, அன்று இருந்த நடுக்கத்தில், முதுகில் ஒன்று போட்டாள். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. "கண்ணுக்குக் கரடி மட்டுந்தான் தெரிஞ்சுது," என்றான் வெண்டல். ஊர் நம்பியது, டோரீனும் நம்பினாள்.

சாப்பிட வா என்று அவள் கூப்பிட்டபோதுதான் அவனால் வீட்டை நோக்கி ஓரடிகூட வைக்க முடியவில்லை என்பது தெரிந்தது. வடக்கே நடந்தான், தெற்கே நடந்தான், கிழக்கே மட்டும் கால் போகவில்லை. மத்தியானத்துக்குள் முக்காலடி பின்னால் போயிருந்தான். ஆர்லோ அவனைக் கயிற்றால் பிக்கப் வண்டியில் கட்டிக் கிழக்கே இழுத்தான். சக்கரம் சுற்றிப் புகைந்தது, அன்று மாலை வண்டியும் வெண்டலுமாகச் சேர்ந்து மேற்கே கால் அடி நகர்ந்திருந்தார்கள். மருத்துவர் வந்து ரத்த அழுத்தம் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அதற்கு மேல் ஊர் அதிர்ச்சியில் உட்கார்ந்திருக்கவில்லை, அடுத்த வேலையைப் பார்த்தது. வழியிலிருந்த கொட்டகையின் இரண்டு சுவரைப் பெயர்த்தார்கள். சறுக்குக் கட்டைகள் மேல் ஒரு சின்னக் குடிசை கட்டி, உள்ளே கட்டிலும் கணப்பும் வைத்தார்கள். அது அவனோடு சேர்ந்து நகர்ந்தது. பிரதான சாலையைக் கடக்க அவனுக்குப் பத்து நாள் ஆயிற்று, வண்டிகள் ஒதுங்கிப் போயின. எட்னாவின் காபிக்கடைக்குள் பன்னிரண்டு நாள் இருந்தான். அந்தப் பன்னிரண்டு நாளும் யாரும் அவனைப் பீரங்கி என்று கூப்பிடவில்லை. எஞ்சின்களை அவன் இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்தார்கள்.

மருந்தும் ஆர்லோதான் கண்டுபிடித்தான். அதே துப்பாக்கி, அதே கை, எதிர்த்திசையில் ஒரு குண்டு. உதைக்கு உதை சரியாகப் போகும். துப்பாக்கியை டோரீன் மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தாள், நான்கு குண்டு மிச்சமிருந்தது. ஆனால் மேற்கே ஊர் இருந்தது, ஊரை நோக்கிச் சுடு என்று யார் சொல்வார்கள்? அவன் ஊரைக் கடக்கட்டும் என்று காத்திருந்தார்கள். ஐந்தாவது வருடம் கடைசி வீட்டையும் கடந்தான். மேற்கே சதுப்பும் வாத்துகளும்தான். டோரீன் துப்பாக்கியை மாவு உதறி எடுத்துக்கொண்டு போனாள்.

"இனிமே அதத் தொட மாட்டேன்," என்றான் வெண்டல்.

"தொடாம? கடல் வருது வெண்டல். அரை மணி நேரத்துல ஆளைக் கொல்ற தண்ணி."

"வரட்டும்."

அவள் கெஞ்சினாள், திட்டினாள், ஒரு வாரம் சோறு கொண்டுபோகாமல் இருந்து பார்த்தாள். அவன் அசையவில்லை. நாளுக்கு நாள் அவளுக்குப் போக மூன்றடி, வர மூன்றடி நடை கூடிக்கொண்டே போனது. மார்னி வளர்ந்தாள். பள்ளி விட்டதும் அப்பாவின் குடிசைக்குப் போய் வீட்டுப்பாடம் எழுதுவாள். இருவரும் எஞ்சினைப் பற்றிப் பேசுவார்கள், வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். இப்படி ஒரு அப்பாவும் மகளும் வாய்ப்பது அபூர்வம் என்று டோரீன் பெருமைப்பட்டிருக்கிறாள்.

2004 மே மாதம் அலை வந்து குடிசையின் சறுக்குக் கட்டையை நனைத்தது. பதினாறு வயது மார்னி அன்று துப்பாக்கியோடு வந்தாள். டோரீனும் ஆர்லோவும் பின்னாலேயே வந்தார்கள். அப்பா வேண்டாம் என்று தலையாட்டுவதற்கு முன்பே மார்னி சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து அவன் மடியில் வைத்தாள். அரை முழத் தலைமுடி, பின்னியபடியே இருந்தது. ஒரு முனை கருகியிருந்தது.

"நான் பாத்ரூம்ல இல்லப்பா. ஜன்னல்ல நின்னேன். திரைய விலக்கிக் கரடியப் பாத்தேன். அப்புறம் உன்னப் பாத்தேன். நீயும் என்னப் பாத்த."

வெண்டல் பின்னலின் கருகிய முனையை விரலால் தடவினான். "பாத்தேன்," என்றான். "முகமே தெரிஞ்சுது. நிறுத்திருக்கலாம், நேரம் இருந்துச்சு. இன்னிக்கும் சுடாம விட்டா ஆர்லோ என்ன சொல்வான்னு நெனச்சேன். அந்த ஒரு நெனப்புதான். நெனச்சுகிட்டே சுட்டுட்டேன்."

டோரீனுக்கு இப்போதுதான் புரிந்தது. ஒன்பது வருடமாக ஒருவர் பொய்யை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு இந்த இரண்டு பேரும் குடிசைக்குள் உட்கார்ந்து வானிலை பேசியிருக்கிறார்கள். நடுவில் தான் இருவருக்கும் சூப் ஊற்றிக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பின்னலுக்காகப் பிள்ளையை அடித்த கை அது. அந்தக் கையையே அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு அன்னிலேர்ந்தே தெரியும்," என்றாள் மார்னி. "தெரிஞ்சுதான் தெனம் வந்தேன். இப்ப சுடு."

வெண்டல் கடலைப் பார்த்துத் திரும்பினான். படகு ஏதும் இல்லை என்று மூன்று முறை பார்த்துவிட்டுச் சுட்டான். நின்றுவிட்டான். ஆனால் இரண்டு உதையும் முன்னும் பின்னும் பிடித்துக்கொண்டதில் மேற்கேயும் போக முடியவில்லை, கிழக்கேயும் வர முடியவில்லை. அலையோரமாக வடக்கும் தெற்கும் நடந்தான். இன்னொரு குண்டைக் கடலை நோக்கிச் சுட்டால் முதுகு காட்டியபடி வீடு வரை வரலாம் என்று ஆர்லோ கணக்குச் சொன்னான். வெண்டல் டோரீனைப் பார்த்தான். டோரீன் திரும்பி ஊரை நோக்கி நடந்தாள். மூன்று வாரம் அவள் கடல் பக்கமே போகவில்லை. ஆர்லோதான் சோறு கொண்டுபோனான். வெண்டல் தன் பெயரைச் சொன்னதைக் கேட்டதிலிருந்து, எதுவும் விற்காதவன் முகத்தோடு கடையில் உட்கார்ந்திருந்தான்.

நான்காவது வாரம் ரம்பச் சத்தம் கேட்டு டோரீன் ஓடிவந்தாள். மார்னி தன் அறையின் மேற்குச் சுவரை ஜன்னலோடு சேர்த்து ஓர் ஆள் அகலத்துக்கு அறுத்துக்கொண்டிருந்தாள்.

"பைத்தியமா உனக்கு? யாரக் கேட்டு வீட்ட அறுக்கிற?"

"அப்பா இது வழியா வர்றதுக்கு ஒம்பது வருஷம் ஆகும்மா. அதுக்குள்ள நீ கோவப்பட்டு முடிச்சுக்கலாம்."

டோரீன் இரண்டு மைல் நடந்துபோய், குடிசைக்குப் பத்தடி தள்ளி நின்று, "கெளம்பு," என்றாள். வெண்டல் மூன்றாவது குண்டைச் சுட்டான்.

திரும்பி வந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவன் கடலைப் பார்த்தபடி பின்முதுகாக வந்தான். எட்னா இறந்தபின் மருமகள் எடுத்து நடத்திய காபிக்கடையில் மறுபடி பன்னிரண்டு நாள் இருந்தான். மார்னி ஆங்கரேஜுக்குப் படிக்கப் போனாள், அங்கேயே வேலை பார்த்தாள். டோரீன் தினமும் சோறு கொண்டுபோனாள். நடை தினமும் ஆறடி குறைந்தது, பேச்சு மட்டும் கூடவில்லை.

2014 ஜனவரியில் அவன் முதுகு வீட்டுச் சுவரைத் தொட்டது. அறுத்த இடத்தில் தொங்கவிட்டிருந்த கம்பளிகளை விலக்கினார்கள். மார்னி விடுப்பு எடுத்து வந்திருந்தாள். முதல் நாள் அவன் அறைக்குள் ஓரடி வந்ததும், அறுத்த இடைவெளி வழியாக வெளியே பார்த்தான். பனி மேல் பகல் பதினொரு மணி வெளிச்சம். நாற்பது எட்டில் கொட்டகை இருந்த இடம். அதன் முன்னால் நட்டு வைத்த ஒரு மரக்கட்டை, அதில் யாரோ ஆணியடித்து வைத்த பழைய லாந்தரின் கம்பி வரை தெளிவாகத் தெரிந்தது.

"இங்கேருந்து நான் இவ்வளவு நல்லாவா தெரிஞ்சேன்?" என்றான்.

"ரொம்ப நல்லாத் தெரிஞ்சப்பா," என்றாள் மார்னி. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். மார்னி அவன் பக்கத்தில் நின்றாள், தொடவில்லை, போகவும் இல்லை. அந்த அறையில் அவன் நான்கு நாள் இருந்தான்.

ஐந்தாம் நாள் சமையலறைக்கு வந்தான். கிழக்கே பார்த்து ஒரு குண்டு சுட்டால்தான் இனி நிற்பான், துப்பாக்கியோ டோரீனின் மாவு டப்பாவில் இருந்தது. அவள் நிறுத்து என்று சொன்னால்தான் நிற்க முடியும். எங்கே சுடுகிறானோ அந்தக் கோட்டிலேயே ஆயுசுக்கும் வடக்கும் தெற்குமாக இருந்தாக வேண்டும். சொல்லாவிட்டால் பின்கதவு, அப்புறம் ஆறு. அடுப்பைத் தாண்டினான், அவள் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையைத் தாண்டினான், அவள் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆர்லோ ஜன்னலுக்கு வெளியே நின்று நகத்தைக் கடித்தான். ஒன்பதாம் நாள் காலை வெண்டலின் குதிகால் பின்கதவு நிலைப்படியில் இடித்தது. டோரீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மாவு டப்பாவிலிருந்து துப்பாக்கியை எடுத்து அவனிடம் கொடுத்தாள். கதவை விரியத் திறந்துவிட்டு அவனுக்கு மேற்கே, சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள்.

"பின்னாடி என்ன இருக்குன்னு பாத்துட்டுச் சுடு."

வெண்டல் கிழக்கே திரும்பிப் பார்த்தான். ஆற்றைப் பார்த்தான், எதிர்க்கரையைப் பார்த்தான், மரம் மரமாகப் பார்த்தான். எட்டரை மணிக்குப் பார்க்கத் தொடங்கியவன் சுடும்போது மணி பன்னிரண்டரை. அதற்குள் அரையடி நகர்ந்து நிலைப்படி மேலேயே வந்துவிட்டான். யாரும் அவசரப்படுத்தவில்லை.

இப்போதும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறான். பின்சுவரோரமாக வடக்கே பாத்திரம் கழுவும் தொட்டி, தெற்கே கட்டில், இடையில் எஞ்சின் வேலைக்கு ஒரு பலகை. ஐந்தாவது குண்டு மாவு டப்பாவில் இருக்கிறது. ஐந்தில் நான்கு உபயோகப்பட்ட துப்பாக்கி இந்த ஊரில் வேறு எதுவும் இல்லை என்று காபிக்கடையில் இளசுகள் சொன்னால், ஆர்லோ எழுந்து போய்விடுவான். முதல் இரண்டு மாதம் டோரீன் மேசையில் தனியாகச் சாப்பிட்டாள், வெண்டல் நிலைப்படியில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டான். மார்ச்சில் ஒரு நாள் அவள் மேசையை இரண்டு கையாலும் பிடித்து, அவன் கைக்கு எட்டும்படி ஐந்தடி கிழக்கே இழுத்துப் போட்டாள்.