பொன்னுலிங்கம் வீட்டு ஆகாசம்

2009 டிசம்பரிலிருந்து அஞ்சுகிராமத்தில் பொன்னுலிங்கத்தின் வீட்டுக்கு மேல் மட்டும் பகலில் இருட்டும் இரவில் வெயிலுமாக இருக்கிறது. காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நடுமத்தியானத்தில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. கேட்டைத் தாண்டி ஓரடி உள்ளே வைத்தால் தலைக்கு மேல் நட்சத்திரங்கள். தொடக்கத்தில் ஊர்க்காரர்கள் கேட்டுக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று பார்த்தார்கள். பிறகு அதைச் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு என்று விட்டுவிட்டார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். பொன்னுலிங்கம் ஒரு பொத்தானைத் தப்பாக அழுத்திவிட்டார்.

மஸ்கட்டில் ஒரு கம்பெனியின் சரக்குக் கிட்டங்கிக்குப் பொறுப்பாளராக இருந்து ஊர் திரும்பியவர் அவர். தெரியாது என்கிற சொல்லும் தப்பு என்கிற சொல்லும் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. புதுமனை புகுவிழா அழைப்பிதழில் தேதி மாறி அச்சானபோது, பிழை திருத்த அச்சகத்துக்குப் போகாமல் விழாவையே அச்சான தேதிக்கு மாற்றினார். அன்றைக்குப் பந்தலுக்குள் முழங்கால் அளவு மழைத்தண்ணீர் நின்றது. விருந்தாளிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார்கள். வெயில் காலத்தில் இப்படியொரு குளிர்ச்சி கிடைக்குமா என்று அவர் இலைக்கு இலை கேட்டுக்கொண்டு வந்தார். அவர் மனைவி சொர்ணம், கணவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, ஆக வேண்டியதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பழக்கத்துக்கு அப்போதே வந்துவிட்டிருந்தாள்.

2010 மாட்டுப்பொங்கலன்று நம் ஜில்லாவில் வளையச் சூரிய கிரகணம் தெரியும் என்று செய்தி வந்ததும், பொன்னுலிங்கம் ஒரு தொலைநோக்கி வரவழைத்தார். அதைத் தாங்கும் முக்காலிக்குள் கம்ப்யூட்டர் இருந்தது. நாளும் நேரமும் இடமும் சொல்லி, இரண்டு நட்சத்திரங்களை அதற்கு அடையாளம் காட்டிவிட்டால், பிறகு எந்தக் கிரகத்தின் பெயரைச் சொன்னாலும் அதுவே திரும்பிக் காட்டும். பொங்கலுக்கு முன்பே பழகிக்கொள்ளலாம் என்று ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் அதை நிறுத்தி, குமிழி பார்த்து மட்டம் சரிசெய்து, அதோடு இணைந்த கையடக்கப் பெட்டியில் ஒவ்வொன்றாகப் பதிந்தார். தீர்க்கரேகை எழுபத்தேழு டிகிரி என்பதுவரை எல்லாம் சரி. கிழக்கா மேற்கா என்று பெட்டி கேட்டது. அமெரிக்காவில் செய்த பெட்டியானதால் மேற்கு முதலில் நின்றது. அவர் அதையே அழுத்தினார். தொலைநோக்கி உறுமிக்கொண்டு தானாகத் திரும்பி, பக்கத்து வீட்டுத் தென்னையின் கொண்டையில் போய் நின்றது. கண்ணை வைத்தால் ஒரு குலை இளநீர் தலைகீழாகத் தெரிந்தது. நட்சத்திரம் நடுவில் இருக்கிறதா என்று பெட்டி கேட்டது. ஆம் என்று அழுத்தினார். அடுத்த நட்சத்திரத்துக்கு அது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டியது. அதற்கும் ஆம்.

தென்னைக்கும் தொட்டிக்கும் சொந்தக்காரரான உரக்கடை பகவதியப்பன் தன் மாடியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வே பொன்னுலிங்கம், அது எனக்க தென்னையில்லா? தேங்காயப் பாத்தா உமக்கு நட்சத்திரமாட்டா தெரியுது? திசைய மாத்திப் போட்டிருப்பீரு, பாரும்."

"மிஷினே சரின்னு சொல்லிட்டுது. மிஷினவிட உமக்கு கூடத் தெரியுமோ?"

பெட்டியில் 'வெற்றி' என்று எழுத்து வந்திருந்தது. மறுநாள் காலையில் ஊருக்கெல்லாம் சூரியன் உதித்தது, அந்த வீட்டுக்கு உதிக்கவில்லை. ஆகாசமும் பொன்னுலிங்கமும் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டில் ஒன்று திருந்தியாக வேண்டும். அவரோடு பழகியவர்களுக்கு எது திருந்தும் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை.

சொர்ணம் துணிகளை ராத்திரியில் காயப்போட்டாள். கோழிகள் விடியற்காலையில் அடைந்தன, சேவல் சாயங்கால பஸ் வரும் நேரத்துக்குக் கூவியது. நாலாம் நாள் அவள் கேட்டாள்: "ஒரு பட்டன்தானே? கிழக்குன்னு மாத்திப் போடுங்களேன்."

"நான் போட்டது சரியாத்தான் கெடக்கு. ஆகாசந்தான் இத்தன காலமும் தப்பா நின்னுருக்கு" என்றார் பொன்னுலிங்கம். அதற்கு அவரிடம் ஆதாரமும் இருந்தது. சனி என்று அழுத்தினால் சனி இம்மி பிசகாமல் வட்டத்தின் நடுவில் வந்து நின்றது. அப்படித் துல்லியமாக வேலை செய்த தொலைநோக்கி அந்த ஜில்லாவில் வேறு இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து, டார்ச் அடித்து இருட்டைப் பரிசோதித்து, மேகமூட்டம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, டீ குடித்துப் போனார். ஆளுங்கட்சிக்காரர்கள் இதைத் தங்கள் சாதனையில் சேர்க்கலாமா என்று யோசித்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் யோசிக்காமலே மின்வெட்டு என்று போஸ்டர் ஒட்டினார்கள்.

அந்த இருட்டின் உபயோகத்தை முதலில் கண்டுபிடித்தவன் குமாரதாஸ். காற்றாலைக் காவலில் ராத்திரி டூட்டி பார்ப்பவன். வீடு தகரக் கூரை. பகலில் கொதிக்கிற தகரத்துக்குக் கீழே படுத்துப் படுத்து, கண்கள் எப்போதும் செக்கச்செவேலென்று இருக்கும். ஒருநாள் காலையில் டூட்டி முடிந்து வந்து, கேட்டருகே தயங்கி நின்றான். "அக்கா, மாடியில ஒரு ஓரமா கொஞ்சம் கண்ணடச்சுக்கிடட்டா?" சொர்ணம் பாய் கொடுத்தாள். அவன் சாயங்காலம்வரை அசையாமல் உறங்கி எழுந்து, உடம்பு இவ்வளவு லேசாக இருக்குமா என்று தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் சொல்லி, ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி பார்க்கும் நர்ஸ் குளோரி வந்தாள். பிறகு ஐஸ் பிளாண்ட் ஆட்கள், கன்னியாகுமரி லாட்ஜ் வாட்ச்மேன்கள். பெண்களுக்குக் கீழே இரண்டு அறை, ஆண்களுக்கு மாடி என்று சொர்ணம் பிரித்துவிட்டாள்.

கிரகணத்துக்குப் பொன்னுலிங்கம் பெரிய மனிதர்களை எல்லாம் அழைத்திருந்தார். வங்கி மேலாளர், தலைமையாசிரியர், கவுன்சிலர் என்று வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். சூரியனுக்கென்று வாங்கிய கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துத் தொலைநோக்கியின் முகத்தில் மாட்டினார் அவர். தலைக்கு மேல் நல்ல நடுராத்திரி. தெருவில் வெயில் மங்கத் தொடங்கியதும் கவுன்சிலர் மூத்திரம் போய்வருவதாகச் சொல்லி எழுந்தார். வங்கி மேலாளர் போன் பேசிக்கொண்டே இறங்கினார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் பகவதியப்பன் மாடியில் நின்று, வெல்டிங் கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கி ஆகாசம் பார்த்தார்கள். சொர்ணமும் போனாள். ஊரே ஓவென்று கத்தியபோது, பொன்னுலிங்கம் காலி நாற்காலிகளுக்கு நடுவே தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் திரும்பி வந்ததும், வேறு பக்கம் பார்த்தபடி கேட்டார்: "எப்படி இருந்துது?"

"மோதிரம் கணக்கா. நடுவுல கறுப்பு, சுத்தி தங்கம்." விரலில் வட்டம் போட்டுக் காட்டினாள். "நீங்களும் வந்திருக்கலாம்லா?"

அவர் தொலைநோக்கியிலிருந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். தன் ஆயுளில் அது இனி இந்த ஊருக்கு வராது என்று அவருக்குத் தெரியும். அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தார். ஜன்னலில் சூரியன் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த மோதிரம் அவரை விடவில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை தொண்டையைத் தாண்டி வர மூன்று வருஷம் பிடித்தது. 2013 சித்திரையில் ஒரு நடுப்பகலில் டார்ச்சும் பெட்டியுமாக மாடியேறினார். பாய்களுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடி முக்காலியிடம் போனார். இடம் கேட்கும் பக்கத்தைத் திறந்து, கிழக்குக்கு வந்து, விரலை வைத்தார். சொர்ணம் பின்னாலேயே வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"என்ன செய்யுதீங்க?"

"மாத்தப் போறேன்."

"கீழ பாருங்க. இந்தப் பொசுக்குற வெயில்ல இவங்க எங்க போவாங்க? இனி அதுல கை வச்சீங்கன்னா பெட்டியத் தூக்கிக் குளத்துல போட்டிருவேன்."

அவள் அவரிடம் இந்தக் குரலில் பேசியது அதுவே முதல்தடவை. பொன்னுலிங்கம் விரலை எடுத்தார். ஆனால் வந்த காரியத்தில் பாதியையாவது முடிக்காமல் போக அவருக்கு மனமில்லை. நிமிர்ந்து நின்று, மாடி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "அன்னைக்கு நான்தான் தப்பா அழுத்தினேன். தப்பு என்மேலதான்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். இவ்வளவு பெரிய சங்கதிக்கு ஆகாசம் கொஞ்சமாவது அசையும் என்று நினைத்தாரோ என்னவோ. எதுவும் அசையவில்லை. குமாரதாஸ் மட்டும் போர்வையை முகத்திலிருந்து பாதி விலக்கினான், கண்ணைத் திறக்கவில்லை.

"அண்ணாச்சி, பையப் பேசுங்க. உறங்கணும்லா."

பொன்னுலிங்கம் டார்ச்சை அணைத்தார். சத்தம் கேட்காதபடி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நட்சத்திர வெளிச்சத்தில் படியிறங்கிப் போனார்.