ஒரு சாண் வண்டல்

மேட்டூர் அணை கட்டி முடித்த வருஷம், செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில் கத்தரிக்காய் விற்ற பாவாயியின் ஒரே மகள் வெயிலில் சுருண்டு செத்துப்போனாள். ஒதுங்கி நிற்க அந்த வீதியில் ஒரு மரம் கிடையாது. புருஷனை முன்னமே வாரிக்கொடுத்தவள் பாவாயி. இனி அங்கே ஒரு புங்கன் நிழல் வேண்டும், இன்னொரு பிள்ளை அப்படிச் சாகக்கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே இல்லாமல் போயிற்று.

மளிகைக்கடை அப்துல் கரீம், "நம்ம கடை முன்னாலயே வைங்கம்மா, தண்ணி நான் ஊத்துறேன்" என்றார். வீதி மண்ணோ வெறும் கப்பிக்கல். ஓமலூர்ப் பக்கம் அவள் ஊரில் கோடைக்கு ஏரி வற்றினால் ஆளுக்கொரு பங்கு வண்டல் அள்ளுவார்கள். தன் காட்டுக்குப் போட வேண்டிய பங்கை, கடை முன்னால் கன்றுக்குத் தோண்டிய குழிக்கென்று ஒதுக்கி, தம்பி கந்தப்பனின் வண்டியில் ஏற்றி அனுப்பினாள். கூடப்பிறந்தவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

கரீம் கடை திறந்து, அவள் போய்ச் சேருமுன் குழி நிரம்பிக் கறுத்துக் கிடந்தது. கன்றைத் தன் கையால் நட்டாள். ஆடிக்குள் கருகிற்று. மறுவருஷமும் அவன்தான் குழியைத் தோண்டி நிரப்பினான், மறுவருஷமும் கருகிற்று.

சந்தையில் வாய் சும்மா இருக்குமா? தாலியறுத்தவள் நட்டால் துளிர்க்குமா என்றார்கள். ஊர் வாய் அவளுக்கு உறைக்கவில்லை. கந்தப்பன் சொன்னது உறைத்தது.

"உன்ற கை ஆகாதுக்கா. உன்ற கை பட்டா எதுவும் நிக்காது. வேற ஆரையாச்சும் நடச் சொல்லு."

செத்த மகளையும் சேர்த்துச் சொல்கிறான் என்று பட்டது. அதையும் நம்பித் தன் கையைத் தானே வெறுத்தாள் பாவி மகள்.

பட்ட கன்றைத் தோண்டியெடுக்கப் போனபோது கடப்பாரை ணங்கென்றது. மேலே ஒரு சாண் வண்டல். கீழே முழுக்க இடித்த கட்டடத்துச் சுண்ணாம்புக் காரையும் ஓட்டுச்சில்லும். அந்தச் சுண்ணாம்பைத் தொட்ட இடத்தில் வேர் சுருண்டு வெந்திருந்தது.

"நான் ஊத்துன தண்ணியெல்லாம் இதுக்குள்ளதான் போச்சாம்மா?" என்று ஓட்டுச்சில்லைக் கையில் எடுத்துப் பார்த்தார் கரீம்.

அன்றைக்கே கூடையும் மண்வெட்டியுமாகத் தம்பி தோட்டத்துக்குப் போனாள். சோளம்கூட ஏறாத செம்மண் மேட்டில் வாழை குலை தள்ளி நின்றது. அடியில் கன்னங்கரேலென்று ஏரி வண்டல். நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டான். மண்ணைத் தின்றதோடு விட்டானா? பழியையும் அவள் கையில் அல்லவா போட்டான்! முதல் வாழையின் அடியில் வெட்டினாள்.

கந்தப்பன் ஓடி வந்தான். "அக்கா! அடிமண்ண எடுத்தா வாழ சாஞ்சுருமுக்கா!"

"சாயட்டும் சாமி," என்றாள் பாவாயி, கூடையை நிரப்பிக்கொண்டே. "என்ற கை பட்டா எதுவும் நிக்காதுன்னு நீதான சொன்னே?"