பதினான்காம் எண் சட்டை

வீட்டின் மூத்த மருமகளான பெரியவள் கால்பந்துக் கழகத்துக்குச் சட்டை துவைக்க ஆரம்பித்த இரண்டாம் வருடம், ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, அவள் முறுக்கிப் பிழிந்த மூன்றாம் எண் சட்டையிலிருந்து அழுக்குத் தண்ணீரோடு ஒரு குரலும் வந்தது. முட்டி வலிக்கிறது, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டு, வாளியில் விழுந்ததும் நின்றுபோனது. பக்கத்து வீட்டு வானொலி என்று நினைத்து அவள் அடுத்த சட்டையை எடுத்தாள். அதுவும் பேசியது. பதினெட்டுச் சட்டைகளும் பேசி முடிக்க அன்று மதியம் ஆகிவிட்டது. சாயங்காலம் பேருந்து ஓட்டிவிட்டு வந்த கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே, சோப்பை மாற்றினாயா என்று கேட்டார். மாற்றவில்லை என்றாள். அதோடு அந்த விசாரணை முடிந்தது.

மிஷினில் போட்டால் முதுகில் ஒட்டிய எண் உரிந்துவிடும் என்பதால்தான் கழகத்துக்குக் கையால் துவைக்கிற ஆள் தேவைப்பட்டது. மருந்துக்கடை வைத்திருந்த செயலாளர் தெருவில் பலரைக் கேட்டுப் பார்த்தார். சரி என்று சொன்னவள் இவள் ஒருத்திதான். கூலி கிடையாது. வருடக் கடைசியில் மேடையில், பின்னால் நின்று உழைத்த எல்லோருக்கும் நன்றி என்று பொதுவாக ஒரு வரி வாசிப்பார்கள். அதற்குள் பாதிப் பேர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சேறு காயும்வரை பொறுத்திருந்து பிரஷ்ஷால் தட்டுவாள், சட்டையை உள்புறம் வெளியே வருகிற மாதிரி திருப்புவாள், ரத்தக்கறை இருந்தால் உப்புப் போட்டுப் பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பாள். ஆட்டம் பார்க்க ஒருநாளும் மைதானத்துக்குப் போனதில்லை. ஆனாலும் ‘கதவு’ என்று பட்டப்பெயர் வாங்கிய கோல்கீப்பர் பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறான் என்பதும், அணித்தலைவன் வேலையை விட்டுவிட்டு வீட்டில் சொல்லாமல் திரிகிறான் என்பதும் திங்கட்கிழமை மதியத்துக்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். சட்டைகள் பேசுவது பையன்களுக்கும் தெரியும். சிலர் அடக்கிப் பார்த்தார்கள்; வியர்வையை எப்படி அடக்குவது? ஆட்டக்காரர்களின் அம்மாக்கள் ஏதாவது ஒரு சாக்கை வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வருவார்கள். சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் என் பையன் ஏதாவது சொன்னானா என்று கேட்பார்கள். அழுக்கு நன்றாகப் போய்விட்டது என்பாள். பெற்ற பிள்ளையின் ரகசியம் இன்னொருத்தியின் வாளியில் கிடக்கிறதே என்று அவர்கள் முகம் வாடிப் போவதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது. உள்ளதைச் சொல்லவேண்டும் என்றால், அவள் வாங்கிய சம்பளம் அதுதான்.

ஏழாம் வருடம் அவளுடைய ஒரே மகன் அணியில் சேர்ந்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்குச் சில்லு பொருத்துகிற வேலை அவனுக்கு. பதினான்காம் எண் சட்டையைக் கொடுத்தார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை காலர் வரைக்கும் சேறோடு வீட்டுக்கு வந்தான். மறுநாள் அவள் பின்கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, மற்ற பதினேழையும் அவசரமாக முடித்துவிட்டு, கடைசியாகப் பதினாலைக் கையில் எடுத்துப் பிழிந்தாள். தண்ணீர் வந்தது. இன்னொரு முறை பிழிந்தாள். மறுபடியும் வெறும் தண்ணீர். நாலு வருடம் இப்படியே போனது. என் பிள்ளைக்கு ஆட்டத்தில்தான் கவனம், மற்றவர்கள் மாதிரி வளவளவென்று பேசுகிற ஜாதி இல்லை என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். பதினாலு இறங்கினால் ஆட்டம் போச்சு என்று ஒன்பதாம் எண் சட்டை முணுமுணுத்தபோது, பொறாமை பிடித்த பயல் என்று சொல்லி அதை மட்டும் நாலு முறுக்கு அதிகமாக முறுக்கினாள். மற்ற சட்டைகளுக்கு முன்னால் ஒன்பது தொளதொளத்துப் போனதற்கு இதுதான் காரணம்.

பதினோராம் வருடம் அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கியது. செயலாளர் களிம்பு கொடுத்துவிட்டு, வேலையையும் பாதியாகப் பிரித்தார். ஒற்றைப்படை எண்கள் கீழ்வீட்டில் பெரியவளுக்கு, இரட்டைப்படை எண்கள் மாடியில் சின்னவளுக்கு. சின்னவள் கொழுந்தனின் மனைவி; பல் டாக்டரிடம் வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொண்டு, பயப்படுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பது அவள் வேலை. உங்கள் பையன் சட்டையை வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று செயலாளர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் பதினோரு வருடமாகத் தனக்கென்று ஒன்றும் கேட்காதவள் என்ற பெயரைக் காப்பாற்றிவந்தவள் அவள். "எனக்கு எல்லாச் சட்டையும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

முதல் திங்கட்கிழமையே தெரிந்துவிட்டது. மாடியில் துவைத்த தண்ணீர், சுவரோரக் குழாய் வழியாகப் பெரியவளின் தொட்டிக்குப் பக்கத்தில்தான் வந்து விழும். சோப்பு நுரையோடு இரண்டாம் எண் வந்தது, ஆறாம் எண் வந்தது. அப்புறம் அவள் மகன் வந்தான். குழாயின் வளைவுகளில் முட்டிமோதி வார்த்தைகள் உடைந்துபோயிருந்தாலும் அது அவன் குரல்தான். கடிகாரத்தில் கால்மணி நேரம் பேசினான். நடுவில் ஒருமுறை சிரித்தான். பால்பல் விழுந்த வயதுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அவள் கேட்டதில்லை. வீட்டில் அவன் ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை பேசுவான்: பசிக்கல, சரி, அப்புறம்.

அவளுக்கு வயிறு எரிந்தது. ஊரான் பிள்ளைகள் எல்லாம் தன்னிடம் வந்து கொட்டினார்கள், தான் பெற்றது போய் மாடியில் கொட்டுகிறது. சின்னவள் என்ன சோப்புப் போடுகிறாள் என்று கண்டுபிடித்து அதையே வாங்கினாள். இரட்டைப்படைச் சட்டைகளில் காலர் அழுக்குச் சரியாகப் போகவில்லை என்று செயலாளரிடம் கோள் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தும் அழுக்கு ஒன்றும் தென்படவில்லை. குழாயில் டம்ளரைக் கவிழ்த்து வைத்துக் காதைக் கொடுத்தாள். சித்தி என்ற ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பத் தெளிவாகக் கேட்டது. அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஒருநாள் பாத்திரம் திருப்பிக் கொடுக்க இறங்கி வந்த சின்னவள், பையனுக்குக் கொஞ்ச நாளாகத் தூக்கம் இல்லைபோல என்று தயங்கிக்கொண்டே சொன்னாள். "எனக்குத் தெரியும்" என்றாள் பெரியவள். அவளுக்குத் தெரியாது. அன்று ராத்திரி தூக்கம் இல்லாமல் போனது அவளுக்கும்தான்.

அடுத்த திங்கட்கிழமை, சின்னவள் வேலையிலிருந்து வருவதற்கு முன்னால், அவள் மாடியேறிப் போய்ப் பதினாலை எடுத்துக்கொண்டு வந்தாள். சொந்த மகனின் சட்டையைத் திருடுகிற மாதிரி அதை மடியில் ஒளித்து எடுத்துவர வேண்டியிருந்தது. தொட்டியில் முக்கிப் பிழிந்தாள். தண்ணீர். முறுக்கினாள். தண்ணீர். பல்லைக் கடித்துக்கொண்டு, வீங்கிய கையால் விடாமல் முறுக்கினாள். தோள் தையல் விட்டது, மணிக்கட்டில் டக்கென்று ஒரு சத்தம் வந்தது, சட்டை வாயைத் திறக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், வேலைக்குப் போட்டுக்கொண்டுபோன செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள்.

சண்டை வரும் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். வந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சின்னவள் கிழிந்த சட்டையைக் குனிந்து எடுத்தாள்.

"உங்ககிட்ட இது பேசாதுக்கா. நீங்க கேட்டுடுவீங்கன்னுதான் அதுக்குப் பயம்" என்றாள். "நான் மேல போய்ப் பிழியறேன். மெதுவா ஊத்தறேன். நீங்க இங்கயே இருங்க."

கொஞ்ச நேரத்தில், நூல் பிடித்த மாதிரி ஒல்லியாகத் தண்ணீர் இறங்கியது. அவ்வளவு மெதுவாக வந்ததால் வார்த்தைகள் எங்கும் முட்டவில்லை, முழுசாகவே வந்தன.

"சேத்தை நானேதான் பூசிக்கறேன் சித்தி. அம்மா சட்டையப் பாப்பாங்கல்ல. கடைசி அஞ்சு நிமிஷம்தான் என்னை இறக்கி விடறாங்க, அதுவும் அம்மா துவைக்கறாங்களேன்னு. எனக்கு இந்த ஆட்டமே புடிக்கல. விட்டுடலாம்னு பாத்தா, நான் நின்னா அம்மாவும் துவைக்கறத நிறுத்திடுவாங்க. அப்புறம் அவங்களுக்குன்னு என்ன இருக்கு?"

கடைசி வார்த்தை மட்டும் வளைவில் சிக்கி, கொஞ்சம் தாமதித்து விழுந்தது.

முதலில் பெரியவளுக்கு வந்தது துக்கம் இல்லை. இதைப் போய்ச் சின்னவளிடம் சொல்லியிருக்கிறானே என்ற ஆத்திரம்தான் வந்தது. துக்கம் அரைமணி கழித்து, மணிக்கட்டு வலியோடு சேர்ந்து வந்தது. நாலு வருடம் பெருமையோடு பிரஷ்ஷால் தட்டிய சேறு முழுவதும் அவன் தன் கையாலேயே அள்ளிப் பூசிக்கொண்டது என்பதை நினைத்துத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள். கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டாள். பதினாலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், கை சரியானதும் நான் எப்போதும் போலத் துவைத்துத் தருகிறேன் என்று சொன்னாள். அப்படியா என்று கேட்ட செயலாளரின் குரலில் இருந்த நிம்மதியை அவரால் மறைக்க முடியவில்லை. அன்று சாப்பிடும்போது மகனிடம், இனி ஞாயிற்றுக்கிழமை நீ மைதானத்துக்குப் போக வேண்டாம் என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. சரி என்றான். ஆனால் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மூன்று வாரம் கையில் தண்ணீர் படக் கூடாது என்றிருந்ததால், கழகத்துச் சட்டைகள் பதினெட்டும் மாடிக்குப் போயின. வீட்டுத் துணி மகன் பொறுப்பில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, அவனோடு ஓடியவர்கள் மைதானத்தில் இருந்த நேரம், அவன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அப்பாவின் சட்டைகளை அலசிப் போட்டுவிட்டு அம்மாவின் பழைய நைட்டியை எடுத்து முறுக்கினான். அது பேச ஆரம்பித்தது. சித்தியின் சோப்பு, சித்தியின் சிரிப்பு, பாத்திரம் கொடுக்கிற சாக்கில் சித்தி வந்து நின்ற நிலை என்று ஒன்றையும் விடாமல் பத்து நிமிடம் திட்டியது. நல்லவேளை, தண்ணீர் மேல்நோக்கிப் போகாது. அவன் பிடியைத் தளர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தான். திட்டித் தீர்ந்த பிறகு குரல் இறங்கியது.

"ஊர்ல இருக்கற பையனெல்லாம் எங்கிட்ட பேசறான். நீ மட்டும் ஏன்டா பேச மாட்டேங்கற?"

அவன் நைட்டியைக் கொடியில் போட்டான். கையைத் துடைத்துக்கொண்டு வந்து சமையலறை வாசலில் நின்றான். அவள் இடது கையால் வெங்காயம் நறுக்கக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த ஆட்டம் எனக்கு எப்பவுமே புடிச்சதில்லம்மா. உனக்குத் தெரியுமா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். குழாயடியில் கேட்ட ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு மனப்பாடம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுடா" என்றாள். "உக்காந்து முதல்லேர்ந்து சொல்லு."

அவன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கொடியில் நைட்டி இன்னும் சொட்டுச் சொட்டாகச் சின்னவளைத் திட்டிக்கொண்டிருந்தது. அதைப் போய் இறுக்கிப் பிழிந்துவிட்டு வர இருவருக்கும் தோன்றவில்லை.